தடை உத்தரவைக் கண்ணில் காட்டுங்கள்

ஒரு புத்தகத்தைத் தடை செய்ய வேண்டுமென்றால் நம் நாட்டில் அரசு சில வேலைகளைச் செய்தாக வேண்டும். அரசிதழில் அறிவிப்பு வெளியிட வேண்டும். எதற்காகத் தடை என்று அந்த அறிவிப்பிலேயே காரணம் எழுத வேண்டும். எழுதியவரோ பதிப்பித்தவரோ இரண்டு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து கேட்பார்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இவை 95, 96-ஆம் பிரிவுகளாக இருந்தன. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 98, 99 என்று எண் மாறியிருக்கிறதே தவிர விஷயம் அதேதான்.

வலைப்பதிவுக்கு இந்த மரியாதை கிடையாது. இணையப் பக்கங்களைத் தடுக்க அரசுக்கு அதிகாரம் தருவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு. அது காரணத்தை எழுதி வைக்கச் சொல்கிறது. ஆனால் எழுதியதை யாருக்கும் காட்டத் தேவையில்லை. அந்தப் பிரிவுக்காக 2009-ல் போட்ட விதிகளில் 16-ஆவது விதி, தடை கேட்டு வந்த புகாரையும் அதன்மேல் எடுத்த நடவடிக்கையையும் கண்டிப்பாக ரகசியமாக வைக்க வேண்டும் என்கிறது. யார் புகார் கொடுத்தார், எந்த வரிக்காக, எத்தனை நாளைக்கு என்று கேட்டால் பதில் கிடையாது. எனக்கு ஆறாத கோபம் இந்த ஒரு விதியின் மேல்தான்.

ஏற்காட்டில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். பல வருஷமாக வலைப்பதிவு எழுதி வருகிறார். அரசியல் என்று பெரிதாக எதுவும் இருக்காது. முக்கால்வாசி மலையைப் பற்றித்தான். எந்தக் கிராமத்துக்கு எப்போது ரோடு வந்தது, மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலையாளிப் பழங்குடி மக்கள் எந்தெந்த ஊரிலிருந்து வருவார்கள், சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏற்றும்போது எந்தப் பக்கம் கட்ட வேண்டும், பாக்சைட் வெட்டிய இடத்தில் மறுபடி என்ன முளைக்கிறது, ஏரியில் என்ன கலக்கிறது. கூகுளின் இலவசப் பதிவுச் சேவையான பிளாகரில் எழுதினாலும் தன் பெயரிலேயே ஒரு டாட் காம் முகவரி வாங்கி இணைத்திருந்தார். படிப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களில் பாதிப் பேர் மலையிலிருந்து பிழைப்புக்காகத் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போனவர்கள். தங்கள் ஊர்ப் பெயரை எழுத்தில் பார்க்க அவர்களுக்கு இருக்கும் ஒரே இடம் அது.

ஒருநாள் காலையில் சார் போன் பண்ணினார். "தம்பி, நம்ம பிளாக் திறக்க மாட்டேங்குதுங்க. டவர் பிரச்சனையா இருக்குமா?" என்றார்.

மலையில் டவர் போவது புதிதில்லை. காற்றடித்தால் கரண்ட் போகும், கரண்ட் போனால் சிக்னல் போகும். ஆனால் மற்ற தளங்கள் எல்லாம் திறக்கின்றன, இது மட்டும் இல்லை என்றார். நான் மேலே போய் அவர் வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். அவர் சிம்மில் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் "இந்தத் தளத்தை அடைய முடியவில்லை" என்று வந்தது. அவர் மருமகள் வைத்திருந்தது வேறு கம்பெனி சிம். அதில் ஒரே தட்டில் திறந்துவிட்டது. அப்புறம் சாரின் போனிலேயே அமைப்புகளுக்குள் போய், பிரைவேட் டிஎன்எஸ் என்ற இடத்தில் வேறொரு சேவையின் பெயரைப் போட்டேன். உடனே முகப்பில் அவர் எடுத்த காப்பிப்பூ படம் வந்து நின்றது. அதே போன், அதே சிம், அதே டவர்.

இதற்கு என்ன அர்த்தம் என்று சொல்லிவிடுகிறேன். நாம் அடிக்கும் முகவரியை எண்ணாக மாற்றித் தருவது டிஎன்எஸ். பெரும்பாலும் நமக்கு இணைப்பு தரும் கம்பெனியே அதையும் நடத்துகிறது. ஒரு பெயரைத் தடுக்கச் சொல்லி உத்தரவு வந்தால், கேட்பவருக்குத் தவறான எண்ணைக் கொடுத்துவிடுவார்கள், இல்லையென்றால் அப்படி ஒரு பெயரே இல்லை என்று சொல்லிவிடுவார்கள். வழி கேட்டு வந்தவனிடம் "அப்படி ஒரு தெருவே இந்த ஊரில் இல்லீங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்புவது மாதிரி. வீடு இருக்கிறது, வீட்டுக்காரர் உள்ளே இருக்கிறார், வந்தவன் மட்டும் திரும்பிப் போய்விடுகிறான். சில கம்பெனிகள் இன்னும் ஒரு படி மேலே போய், இணைப்பு தொடங்கும்போது வெளியே தெரியும் தளப் பெயரைப் பார்த்து அங்கேயே அறுத்துவிடுகின்றன. அப்படித் தடுத்தால் டிஎன்எஸ் மாற்றியும் பயனில்லை.

முன்பெல்லாம், பூட்டுச் சின்னம் இல்லாத பழைய வகை இணைப்பில், "தொலைத்தொடர்புத் துறையின் உத்தரவுப்படி இத்தளம் தடுக்கப்பட்டுள்ளது" என்று ஓர் அறிவிப்பாவது திரையில் வரும். இப்போது கிட்டத்தட்ட எல்லாத் தளமும் எச்டிடிபிஎஸ் என்ற பூட்டிய இணைப்பு. நடுவில் இருப்பவர் அதற்குள் தன் அறிவிப்பை நுழைக்க முடியாது. அதனால் தடை செய்த பக்கமும், சர்வர் படுத்த பக்கமும், நெட் போன பக்கமும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. தடையே பழுதாக வேஷம் போட்டு வருகிறது. வாசகர் இரண்டு தரம் தட்டிப் பார்த்துவிட்டு "சார் எழுதுவதை நிறுத்திட்டார் போல" என்று போய்விடுவார்.

வாடிக்கையாளர் சேவைக்குப் பேசினோம். போனை அணைத்துப் போடச் சொன்னார்கள். பிரவுசர் நினைவகத்தை அழிக்கச் சொன்னார்கள். விடாமல் கேட்டதற்கு, "மேல இருந்து வந்த லிஸ்ட்ல இருக்கலாம் சார், எங்களுக்குத் தெரியாது" என்றது ஒரு குரல். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டோம். 16-ஆவது விதியைக் காட்டி, தர இயலாது என்று பதில் வந்தது. உத்தரவு ஒன்று இருக்கிறதா, இல்லவே இல்லையா என்றுகூட அதில் இல்லை. சார் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் படித்தார். நாற்பது வருஷம் பிள்ளைகளின் விடைத்தாளில் தப்பைச் சுழித்துக் காட்டி, பக்கத்தில் ஏன் தப்பு என்று எழுதியவர். "எதுல தப்புன்னு சொன்னா திருத்திக்கலாமில்ல?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

சில மாதம் கழித்துப் பதிவு தானாகத் திறந்தது. மூடியதற்கும் கடிதம் இல்லை, திறந்ததற்கும் இல்லை.

2006 ஜூலையில் பதிவெழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு இதெல்லாம் பழகிய கதை. அந்த மாதம் 11-ஆம் தேதி மும்பை ரயில்களில் குண்டு வெடித்தது. சில நாட்களில் தொலைத்தொடர்புத் துறை சில பக்கங்களைத் தடுக்கச் சொல்லி உத்தரவு அனுப்பியது. இருபதுகூட இல்லை. இணைப்பு தரும் கம்பெனிகளுக்கு ஒரு தனிப் பக்கத்தை மட்டும் தடுக்கத் தெரியவில்லை, அல்லது அந்த மெனக்கெடல் வேண்டாம் என்று நினைத்தார்கள். பிளாகர் பதிவுகள் எல்லாம் இருக்கும் பிளாக்ஸ்பாட்டையே மூடிவிட்டார்கள். அதுபோன்ற டைப்பேடு, ஜியோசிட்டீஸ் தளங்களும் கூடவே போயின. தமிழ்ப் பதிவுகளைத் திரட்டிக் காட்டும் தமிழ்மணம் தளத்தில் தலைப்பு தெரியும், தட்டினால் பதிவு வராது. அப்போது நான் சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எழுதுவேன். சமையல் குறிப்பு எழுதியவர், குழந்தைக்குத் தாலாட்டு சேகரித்தவர், மரபுக்கவிதை பழகியவர், எல்லார் பக்கமும் ஒரே நாளில் காணாமல் போனது. வழி கிடைத்தது பிகேபிளாக்ஸ் என்ற தளத்தால். சில மாதம் முன்பு பாகிஸ்தானில் பிளாக்ஸ்பாட்டை மூடியபோது அந்த ஊர்க்காரர்களுக்காகத் தொடங்கியது அது. அதன் வழியாகத்தான் நம் ஆட்கள் நம் பதிவுகளைப் படித்தார்கள். அந்த நாட்டில் முகம் தெரியாத யாரோ செய்து வைத்த உதவி. அந்த நன்றி எனக்கு இன்னும் இருக்கிறது.

அதற்கும் முன்னால், 2003-ல், மேகாலயாவைச் சேர்ந்த ஒரே ஒரு சின்னக் குழுவை நிறுத்தப் போய் யாகூ குழுமங்கள் முழுவதும் பல இடங்களில் முடங்கின. 2012-ல் ஒரு சினிமாவின் திருட்டுப் பிரதியைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய உத்தரவை வைத்து விமியோ என்ற வீடியோ தளத்தையே மூடினார்கள். குறிப்பிட்ட முகவரியை மட்டும்தான் தடுக்கலாம் என்று நீதிமன்றம் பிறகு தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. 2014 டிசம்பரில் பட்டியலில் இருந்தது 32 முகவரிகள். அதில் நிரல் எழுதுபவர்கள் பயன்படுத்தும் கிட்ஹப், எழுத்தைப் பகிரும் பேஸ்ட்பின், இணைய ஆவணக் காப்பகம் எல்லாம் அடக்கம்.

தடையே கூடாது என்று நான் சொல்லவில்லை. குழந்தைகளைச் சீரழிக்கும் படங்களை ஒரு மணி நேரம்கூட விட்டுவைக்கக் கூடாது. 2012 ஆகஸ்டில் வடகிழக்கு மாநிலத்தவரைத் தாக்கப் போகிறார்கள் என்று புரளி பரவி, பெங்களூரிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ரயில் ஏறினார்கள். அப்போது சில பக்கங்களை நிறுத்தியது நியாயம்தான். ஆனால் அந்த நான்கு நாளில் தடுத்த 300-க்கும் மேற்பட்ட முகவரிகளின் பட்டியல் கசிந்து, பெங்களூரின் இணையம் மற்றும் சமூகத்துக்கான மையத்தைச் சேர்ந்த பிரனேஷ் பிரகாஷ் அதை ஆராய்ந்தபோது, "இது புரளி, நம்பாதீர்கள்" என்று எழுதிய பக்கங்களும் உள்ளே இருந்தன. பட்டியல் கசிந்ததால் தெரிந்தது. கசியாமல் போனவற்றில் யார் யார் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்?

அதே மையம் பின்னாளில் இன்னொரு ஆய்வும் செய்தது. தடை பெற்றிருக்கலாம் என்று கருதிய 4,000-க்கும் மேற்பட்ட தளங்களை ஆறு கம்பெனிகளின் இணைப்பில் சோதித்தார்கள். ஏதாவது ஒன்றில் தடுக்கப்பட்டிருந்த தளங்களில், ஆறிலும் தடுக்கப்பட்டிருந்தவை கால்வாசிக்குக் கொஞ்சம்தான் அதிகம். நாடு முழுவதற்கும் ஒரே உத்தரவு என்றால் இது எப்படி நடக்கும்? சாரின் போனில் மூடியும் மருமகள் போனில் திறந்தும் இருந்ததை நினைத்துக்கொண்டேன்.

எண்ணிக்கையை மட்டும் அரசு மறைப்பதில்லை. நாடாளுமன்றத்தில் சொல்கிறார்கள். 69ஏ-வின் கீழ் தடுத்த முகவரிகள் 2014-ல் 471, 2018-ல் 2,799, 2020-ல் 9,849, 2022-ல் 6,775. ஆனால் எந்தெந்த முகவரி, என்ன காரணம் என்று கேட்டால் வாய் மூடிக்கொள்ளும்.

2015 மார்ச் 24-ல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம், இணையத்தில் எழுதியதற்காகக் கைது செய்ய இடம் கொடுத்த 66ஏ பிரிவைத் தூக்கி எறிந்ததை எல்லாரும் கொண்டாடினோம். அதே தீர்ப்பில் 69ஏ தப்பித்துக்கொண்டது. காரணங்களை எழுத வேண்டும், அதை எதிர்த்து அரசியல் சாசனத்தின் 226-ஆவது பிரிவில் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம், அதனால் பாதுகாப்பு போதும் என்றது நீதிமன்றம். சரி. கையில் இல்லாத உத்தரவை எதிர்த்து எப்படிப் போவது? தனுல் தாக்கூர் என்ற பத்திரிகையாளர் வரதட்சணையைக் கிண்டல் செய்து 2011-ல் ஒரு தளம் செய்தார். மாப்பிள்ளையின் படிப்பு, வேலை, நிறம் எல்லாம் கொடுத்தால் 'விலை' சொல்லும். 2018-ல் அது தடை செய்யப்பட்டது. தன்னைக் கேட்கவுமில்லை, தனக்குச் சொல்லவுமில்லை என்று அவர் டெல்லி உயர் நீதிமன்றம் போனார். உத்தரவின் நகலை அவருக்குக் கொடுத்து, அவர் தரப்பையும் கேளுங்கள் என்று நீதிமன்றம் சொன்னபோது 2022 ஆகிவிட்டது. தளத்தில் அவர் பெயர் வெளிப்படையாக இருந்தது. ஒரு மின்னஞ்சல் போதும். விதி அதைக் கட்டாயமாக்கவில்லை. எழுதியவருக்குச் சொல்லலாம், இல்லையென்றால் தளத்தை நடத்தும் கம்பெனிக்குச் சொன்னாலும் போதும் என்று இடம் விட்டிருக்கிறது. கம்பெனிக்கு என்ன அக்கறை? பேசாமல் எடுத்துவிடும்.

டெல்லியில் வக்கீல் வைத்து நான்கு வருஷம் நடக்க எத்தனை பேருக்கு முடியும்? நம் ஆசிரியருக்கு ரிட் போட வேண்டுமென்றால் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, சேலம் ஜங்ஷனில் ரயில் பிடித்துச் சென்னைக்குப் போக வேண்டும். சேலம் மாவட்ட வழக்குகளுக்குச் சென்னைதான். பென்ஷன் பணத்தில் வக்கீல் கட்டணம் கொடுக்க வேண்டும். அதுவும் எதை எதிர்த்து என்று தெரியாமல்.

விகடன் போன்ற பெரிய நிறுவனத்துக்கே 2025 பிப்ரவரியில் என்ன நடந்தது என்று பார்த்தோம். பிரதமரைக் கையில் விலங்கோடு டிரம்ப் பக்கத்தில் உட்கார வைத்து வரைந்த கார்ட்டூன், அவர்களுடைய விகடன் பிளஸ் இணைய இதழில் வந்தது. 15-ஆம் தேதி இரவு பலருக்கு விகடன் தளமே திறக்கவில்லை. அரசிடமிருந்து எந்த அறிவிப்பும் வரவில்லை என்று நிறுவனம் சொன்னது. மூடிய பிறகுதான் நோட்டீஸும் விசாரணையும் வந்தன. மார்ச் 6-ல் சென்னை உயர் நீதிமன்றம், அந்தக் கார்ட்டூன் பக்கத்தை மட்டும் தற்காலிகமாக எடுத்துவிடுங்கள், தளத்தைத் திறந்துவிடுங்கள் என்று உத்தரவு போட்டது. ஒரு பக்கத்துக்காக மொத்தத் தளமும் கிட்டத்தட்ட மூன்று வாரம் இருட்டில் இருந்தது.

இதே பத்திரிகையின் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனை 1987-ல் அட்டைப்பட ஜோக் ஒன்றுக்காகச் சட்டமன்றம் சிறைக்கு அனுப்பியது. அநியாயம்தான். ஆனால் தண்டனை சட்டமன்றத்தில் பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது. யார் தண்டித்தார்கள், எதற்காக என்று ஊருக்கே தெரியும். அதனால்தான் ஊர் கொதித்தது. சில நாளில் வெளியே விட்டார்கள். அவர் வழக்குப் போட்டு 1994-ல் ஆயிரம் ரூபாய் நஷ்ட ஈடும் வாங்கினார். எதிரில் நிற்பவர் முகம் தெரிந்தால்தான் சண்டை போட முடியும்.

வெள்ளைக்காரன் காலத்துக்கே போவோம். 1910-ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டம் கொடுமையான சட்டம். ஜாமீன் தொகை கேட்டே எத்தனையோ அச்சகங்களை நசுக்கினார்கள். பாரதியின் 'இந்தியா' புதுச்சேரிக்குப் போயும் பிழைக்க முடியாமல் அந்த வருஷம் நின்றது. நம் ராசிபுரத்துக்காரர் டாக்டர் பெ. வரதராஜுலு நாயுடு சேலத்திலிருந்து 'தமிழ்நாடு' பத்திரிகையை நடத்தி, பேசியதற்கும் எழுதியதற்கும் சிறை பார்த்தார். அந்தச் சட்டத்தின் 12-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். ஒரு பத்திரிகையையோ புத்தகத்தையோ பறிமுதல் செய்ய வேண்டுமென்றால் மாகாண அரசு கெசட்டில் அறிவிக்க வேண்டும், எந்த அடிப்படையில் என்று சொல்ல வேண்டும். 17-ஆவது பிரிவில் உயர் நீதிமன்றத்துக்குப் போக வழி இருந்தது. அடிமைப்படுத்தியவன் கொடுத்த தாளை, நாமே தேர்ந்தெடுத்த அரசு நமக்குத் தர மறுப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

நாட்டின் பாதுகாப்பு என்பார்கள். இணையத்தை மொத்தமாக அணைப்பதும் பாதுகாப்பு விஷயம்தான். 2018 மே மாதம் தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு திருநெல்வேலி, கன்னியாகுமரி வரைக்கும் நெட்டை நிறுத்தினார்கள். 2020 ஜனவரி 10-ல், காஷ்மீர் தொடர்பான அனுராதா பாசின் வழக்கில், இணையத்தை நிறுத்தும் உத்தரவுகளை வெளியிட வேண்டும், காலவரையின்றி நிறுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒரு மாவட்டத்தையே அணைக்கும் உத்தரவை வெளியிடலாம் என்றால், காப்பிச் செடியைப் பற்றி எழுதும் ஒருவருடைய பக்கத்தை அணைக்கும் உத்தரவில் என்ன ரகசியம்?

நிலைமை இறுகிக்கொண்டுதான் வருகிறது. மத்திய அரசு 2024-ல் தொடங்கிய சஹ்யோக் தளத்தின் வழியாக 69ஏ-வின் நடைமுறைகூட இல்லாமல், அதே சட்டத்தின் 79-ஆவது பிரிவைக் காட்டி, பல துறை அதிகாரிகள் நேரடியாகச் சமூக ஊடகங்களுக்கு நீக்கச் சொல்லி அனுப்பலாம். அதை எதிர்த்து எக்ஸ் நிறுவனம் போட்ட வழக்கை 2025 செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

நான் கேட்பது சின்ன விஷயம். 16-ஆவது விதியை எடுத்துவிடுங்கள். தடை உத்தரவை அரசிதழில் போடுங்கள், புகார் கொடுத்த தனிநபரின் பெயரை வேண்டுமானால் மறைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் எழுதியவர் பெயரும் மின்னஞ்சலும் இருந்தால் அவருக்கு ஒரு நகல் அனுப்புங்கள். எத்தனை நாளைக்குத் தடை என்று தேதி போடுங்கள். பக்கத்தை வழங்கும் தளமே சட்ட உத்தரவுக்காக அதை எடுத்தால், அதைச் சொல்வதற்கென்றே 451 என்ற குறியீடு 2016 முதல் இணையத் தரத்தில் இருக்கிறது. அதைக் காட்டச் சொல்லுங்கள். படிக்க வந்தவர், பழுதா தடையா என்றாவது தெரிந்துகொண்டு போகட்டும்.

அதுவரை நாம் செய்ய வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது. பிளாகரில் எழுதுபவர்கள் அமைப்புகள் பகுதியில் உள்ள காப்புப் பிரதி வசதியால் மொத்தப் பதிவையும் ஒரே கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சாருக்கு மருமகள் சொல்லிக்கொடுத்து, இப்போது மாதாமாதம் பென் டிரைவில் ஏற்றி வைக்கிறார். தெரிந்தவர் பதிவு ஏதாவது திறக்கவில்லை என்றால் உடனே "எழுதுவதை விட்டுவிட்டார்" என்று முடிவு கட்டாதீர்கள். வேறு கம்பெனி சிம்மில் பாருங்கள், வீட்டு வைஃபையில் பாருங்கள், டிஎன்எஸ் மாற்றிப் பாருங்கள். ஒன்றில் திறந்து இன்னொன்றில் திறக்கவில்லையென்றால் திரையைப் படம் எடுத்து, ஊர், கம்பெனி, தேதி, நேரம் எழுதி எனக்கு அனுப்புங்கள். இப்படிச் சேர்த்து வைப்பது பின்னால் ரிட் மனுவில் ஆவணமாக உதவும் என்று சேலம் கோர்ட்டில் இருக்கும் வக்கீல் நண்பர் சொல்கிறார். மனு எழுதித் தரவும் தயாராக இருக்கிறார். சேலம், நாமக்கல், தருமபுரி மாவட்டத்துப் பதிவர்களிடமிருந்து இந்த மாதமே வாங்கத் தொடங்குகிறேன்.